பகலுக்குக் கார்டு, இரவுக்குச் சாவி: பீன்யாவில் யூனிட் நடத்துபவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். பெங்களூரின் தொழிற்பேட்டைப் பகுதியான பீன்யாவில், இரண்டாம் ஸ்டேஜில், ஒருவர் சின்ன சி.என்.சி. யூனிட் (கணினி ஓட்டும் மெஷினில் உலோகம் வெட்டும் பட்டறை) நடத்துகிறார். கீழே மெஷின் ஷாப், பின்பக்கம் ஸ்டோர் ரூம், மாடியில் ஆபீஸ். இரண்டு ஷிப்ட், நாற்பது பேர் போல வந்து போகிறார்கள். அக்கவுண்ட்ஸ் பார்த்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போய்விட்டார். ஆபீஸ் சாவி அவரிடமே இருக்கிறது, போனையும் எடுப்பதில்லை. எல்லாப் பூட்டையும் மாற்றுவதா, இல்லை இந்தச் சாக்கில் கார்டு, கைரேகை என்று போய்விடுவதா? ஒரு வென்டார் நான்கு கதவுக்குக் கொடேஷன் கொடுத்து, "இனிமேல் சாவியே வேண்டாம் சார்" என்று சொல்லியிருக்கிறார்.

பெங்களூரில் பல வருடமாக இந்தக் கதவு வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அவசரமானதை முடியுங்கள். ஆபீஸ் கதவின் பூட்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள், கொடேஷன் முடிவாகும் வரை காத்திருக்காதீர்கள். அது சிலிண்டர் பூட்டு என்றால் முழுவதையும் கழற்ற வேண்டியதில்லை. கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். பூட்டின் நாக்குக்குக் கீழே, சிலிண்டர் இருக்கும் உயரத்தில் நீளமான ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதை எடுத்துவிட்டுச் சாவியைப் போட்டு லேசாகத் திருப்பி இழுத்தால் சிலிண்டர் மட்டும் கையோடு வந்துவிடும். அதைக் கொண்டுபோய்க் காட்டினால் நல்ல ஹார்டுவேர் கடையில் அதே நீளத்தில் வேறொன்று தருவார்கள். கால் மணி நேர வேலை. போனவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே இதில் வேண்டாம். ஆள் போனால் பூட்டு மாற வேண்டும், அவ்வளவுதான்.

சரி, பெரிய கேள்விக்கு வருவோம். வென்டார் சொன்னது பாதி சரி. ஆட்கள் வந்து போகிற பகல் நேரத்தில் யாரை உள்ளே விடுவது, எப்போது விடுவது என்பதைக் கார்டு சிஸ்டம் சாவியைவிட நன்றாகச் செய்யும். யாருமே இல்லாத இரவில் கட்டடத்தைக் காப்பாற்றுவது ஷட்டரும் இரும்பும் சாவியும்தான். இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். ஒன்றுக்கு வாங்கிய பொருளை இன்னொன்றுக்கும் சேர்த்து நம்புவதால்தான் இந்த ஊரில் பல ஆபீஸ்களில் பணம் போட்டும் பாதுகாப்பு வரவில்லை.

சாவியின் பலவீனம் பூட்டின் உறுதியில் இல்லை. இன்று நம் ஆபீஸ் கதவுகளில் இருக்கும் சிலிண்டர் பூட்டின் அடிப்படை, லைனஸ் யேல் 1861இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய 'பின்-டம்ளர்' அமைப்புதான்; சரியான சாவி போனால்தான் உள்ளே இருக்கும் சின்னக் கம்பிகள் வழிவிடும். நூற்றறுபது வருடம் தாண்டியும் அது நிற்கிறது. ஷட்டருக்குப் போடுகிற நல்ல லீவர் பூட்டும் அப்படித்தான். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே கையால் செய்யப்படும் பழைய மாங்காய்ப் பூட்டை உடைப்பதற்குள் தெருவே எழுந்துவிடும். சாவியின் உண்மையான குறை, அதற்கு ஆள் தெரியாது, நேரம் தெரியாது, நினைவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொரு மணிக்கு யார் ஸ்டோரைத் திறந்தார்கள் என்று பூட்டைக் கேட்க முடியாது. ஐந்து பேருக்குச் சாவி கொடுத்தால், ஆறு மாதம் கழித்து எத்தனை சாவி உலவுகிறது என்று உங்களுக்கே தெரியாது. சாதாரண சாவிக்கு நடைபாதைச் சாவிக்காரரிடம் நூறு ரூபாய்க்குள் நகல் கிடைக்கும். நல்ல போட்டோ ஒன்று இருந்தால், சாவி கையில் இல்லாமலேயே வெட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

மாஸ்டர் கீ யோசனை வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி, ஓனருக்கு மட்டும் எல்லாக் கதவையும் திறக்கும் ஒரே சாவி என்பது கேட்க நன்றாக இருக்கும். 2003இல் மேட் பிளேஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்படிப்பட்ட அமைப்பில் ஒருவரிடம் தன் சொந்தச் சாவியும், அது போகிற ஒரு பூட்டும், இன்னும் வெட்டாத சில வெற்றுச் சாவிகளும் இருந்தால், பூட்டைக் கழற்றாமலே மாஸ்டர் சாவியின் வெட்டுகளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அதில் காட்டினார். நான்கு கதவுக்கு மாஸ்டர் கீ வேண்டாம். நான்கு சாவியை ஒரு வளையத்தில் போட்டுக்கொள்வது மேல்.

ஆக, ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் கார்டுதான் பதில். ஒருவர் வேலையை விட்டால் மென்பொருளில் அவர் பெயரை எடுத்துவிட்டால் போதும், கார்டைத் திருப்பித் தராவிட்டாலும் கவலையில்லை. ஆனால் எந்தக் கார்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, கொடேஷன்களில் இதை யாரும் எழுதுவதில்லை.

மலிவாகக் கிடைக்கும் தடித்த வெள்ளைக் கார்டு 125 கிலோஹெர்ட்ஸில் ஓடுவது. ரீடர் பக்கத்தில் கொண்டுபோனால் தன் எண்ணை அப்படியே உரக்கச் சொல்லும். எந்த ரகசியமும், கேள்வி பதிலும் கிடையாது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நகல் கருவியை அதன் அருகில் ஒரு நொடி வைத்தால் போதும், இன்னொரு கார்டு தயார். நடைபாதையில் சாவி வெட்டுவதைவிட இது சுலபம், சத்தமும் இல்லை. சாவியை விட்டு இந்தக் கார்டுக்கு மாறினால் நகல் பிரச்சினை தீரவில்லை, இன்னும் மோசமாகியிருக்கிறது.

அடுத்தது 13.56 மெகாஹெர்ட்ஸ் மைஃபேர் கிளாசிக். இதில் குறியாக்கம் உண்டு, ஆனால் 2008லேயே நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தினர் அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். தயாரித்த கம்பெனி கட்டுரையைத் தடுக்க நீதிமன்றம் போனது, நீதிமன்றம் வெளியிடலாம் என்று சொல்லிவிட்டது. இதற்குப் பின்னும் இந்த வகை உலகம் முழுக்க விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஹோட்டல் கதவுகளில் பரவலாக உள்ள சாஃப்லாக் பூட்டுகளில் 2024 மார்ச்சில் வெளியான ஓட்டைக்கும் இந்தப் பழைய கார்டு ஒரு காரணம். பாதிக்கப்பட்டவை 131 நாடுகளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகள்.

இன்றைக்கு நம்பி வாங்கக்கூடியது டெஸ்ஃபயர் வகைக் கார்டு, ஈவி2 அல்லது ஈவி3. ரீடரும் கார்டும் ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறையில் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும். கார்டு ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் ஆகும், நாற்பது பேருக்கு அது பெரிய தொகை இல்லை. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பல இடங்களில் விலை உயர்ந்த டெஸ்ஃபயர் கார்டைக் கொடுத்துவிட்டு, சுவரில் மலிவான ரீடரைப் போடுகிறார்கள். அந்த ரீடர் கார்டின் வெளிப்படையான வரிசை எண்ணை மட்டும் படித்துக் கதவைத் திறந்துவிடும். உள்ளே இருக்கும் குறியாக்கம் தொடப்படவே இல்லை. "ரீடர் வரிசை எண்ணைப் படிக்கிறதா, உள்ளே இருக்கும் பாதுகாக்கப்பட்ட ஃபைலைப் படிக்கிறதா, அதைத் திறக்கும் குறியாக்கச் சாவி எண் யாரிடம் இருக்கிறது" என்று வென்டாரைக் கேளுங்கள். திணறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

கார்டைப் படிக்கும் ரீடருக்கும், கதவைத் திறக்கலாமா என்று முடிவு செய்யும் கன்ட்ரோலருக்கும் நடுவே ஓடும் வயரும் முக்கியம். பெரும்பாலும் வீகாண்ட் முறைதான் போடுவார்கள். பொதுவான வடிவத்தில் மொத்தம் 26 பிட், அதில் கார்டு எண்ணுக்கு 16, இட எண்ணுக்கு 8, சரிபார்க்க 2. அதாவது 65,536 கார்டு எண்கள்தான் சாத்தியம். வயரில் போகும் எண் திறந்தபடியே போகும். ரீடரைக் கழற்றி வயரில் சின்னச் சிப் ஒன்றை ஒட்டவைத்தால் வருகிற கார்டுகளை எல்லாம் பதிவு செய்யலாம். ஓ.எஸ்.டி.பி. என்ற புதிய முறையில் இந்தப் பேச்சையும் குறியாக்கம் செய்ய முடியும். உங்கள் அளவுக்கு அது கட்டாயம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் புதிதாக வயர் இழுக்கும்போதே அதற்கேற்ற ஷீல்டு உள்ள முறுக்கு ஜோடி வயரை இழுத்துவைத்தால் பின்னால் சுவரை உடைக்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் பார்க்கிற ஓட்டை மிக எளிமையானது. சின்ன ஆபீஸ்களில் போடுகிற கைரேகை அல்லது கார்டு மெஷின் பெரும்பாலும் தனி மெஷின். விரலைப் படிப்பதும் அதுதான், பூட்டைத் திறக்கும் ரிலே என்ற ஸ்விட்ச்சும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த மெஷின் மாட்டியிருப்பது கதவுக்கு வெளியே. கீழே இருக்கும் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி மெஷினைத் தூக்கினால் பின்னால் பூட்டுக்குப் போகும் வயர் தொங்கும். எதைத் தொட்டால் கதவு திறக்கும் என்று தெரிந்தவருக்கு அரை நிமிடம் போதும். எந்தப் பதிவும் இருக்காது. ரிலே எப்போதும் கதவுக்கு உள்பக்கம், பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். வெளியே ரீடர் மட்டும். கொடேஷனில் "கன்ட்ரோலர்" என்று தனி வரி இல்லையென்றால் இந்த ஓட்டையோடுதான் உங்களுக்கு விற்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். பட்ஜெட் இடிக்கிறது என்றால், பெரிய கம்பெனிகள் சிலவற்றின் தனி மெஷினுக்கே உள்ளே வைக்கிற ரிலே டப்பா தனியாகக் கிடைக்கும், அதையாவது போடச் சொல்லுங்கள்.

கைரேகை பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. மெஷின் ஷாப்பில் கூலண்டும் உலோகப் பிசிறும் படுகிற விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். காலையில் படிக்கும், மதியம் படிக்காது. சென்சாரில் எண்ணெய் படிந்தால் யாருக்குமே படிக்காது. மெஷின் "மறுபடி முயலவும்" என்று சொல்லிக்கொண்டே இருக்க, பின்னால் வரிசை நிற்க, வாட்ச்மேன் கதவுக்குக் கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைத்துவிடுவார். பல பட்டறைகளில் இதுதான் நடக்கிறது. முகம் படிக்கும் மெஷின் இதைவிடப் பரவாயில்லை, கோவிட் காலத்துக்குப் பிறகு விலையும் இறங்கியிருக்கிறது.

ஆனால் விரலோ முகமோ எதுவானாலும், கார்டைப் போல மாற்றிக் கொடுக்க முடியாத ஒன்றை நீங்கள் சேமித்து வைக்கிறீர்கள். 2019 ஆகஸ்டில் சுப்ரீமா என்ற கம்பெனியின் பயோஸ்டார் 2 என்ற கதவு சிஸ்டத்தின் தரவு பாதுகாப்பில்லாமல் இணையத்தில் கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கைரேகைத் தரவு இருந்தது. கார்டு தொலைந்தால் புதுக் கார்டு. கைரேகை வெளியே போனால் அந்தத் தொழிலாளி என்ன செய்வார்? நம் நாட்டில் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. தரவைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று சட்டம் சொல்கிறது. சின்ன யூனிட்டுக்கு அவ்வளவு போடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் ஆள் வேலையை விட்டதும் அவர் விரலை மெஷினிலிருந்து அழிப்பது இனி உங்கள் கடமை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவுக்கு மட்டும் முகம் வைத்துக்கொள்ளலாம், கதவுக்குக் கார்டு போதும் என்பதே என் யோசனை. வருகைப் பதிவையும் கதவையும் ஒரே மெஷினில் கட்டினால் சம்பளத் தகராறு கதவுக்கு வரும், கதவுப் பிரச்சினை சம்பளத்துக்குப் போகும்.

இப்போது கரண்ட். பீன்யாவில் இருப்பவருக்கு கரண்ட் போவதைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கண்ணாடிக் கதவுகளில் மேலே நீளமாக ஒரு காந்தம் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் இ.எம். லாக். சாதாரணமாகப் போடுவது 600 பவுண்ட், அதாவது சுமார் 270 கிலோ இழுவையைத் தாங்கும். பெரியது 1,200 பவுண்ட். காந்தம் என்பதால் கரண்ட் இருக்கும் வரைதான் பிடிக்கும், போனால் கதவு திறந்துவிடும். அதனால்தான் 12 வோல்ட், 7 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றைக் கூடவே வைப்பார்கள். 600 பவுண்ட் லாக் அரை ஆம்பியர் போல இழுக்கும், ரீடரும் கன்ட்ரோலரும் சேர்ந்து கால் ஆம்பியர் போல. காகிதக் கணக்கில் எட்டு ஒன்பது மணி நேரம் வரும். நடைமுறையில் புது பேட்டரிக்கே ஐந்து ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வருடம் கடந்த பேட்டரி ஒரு மணி நேரம் கூடத் தாங்காமல் போகலாம். சனிக்கிழமை இரவு கரண்ட் போய் ஞாயிறு மதியம் வந்தால், நடுவில் உங்கள் கதவு திறந்தே கிடந்திருக்கும். கரண்ட் தானாகப் போக வேண்டும் என்றுகூட இல்லை. மீட்டர் போர்டு படிக்கட்டுக்குக் கீழே திறந்த இடத்தில் இருந்தால், கட்அவுட்டை (ஃப்யூஸை) எடுத்துவிட்டுக் காத்திருந்தாலே போதும். இரவுக்கு ஷட்டரும் சாவியும் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான். அப்புறம், 270 கிலோ தாங்கும் காந்தத்துக்குக் கீழே இருப்பது கண்ணாடி. உடைப்பவன் காந்தத்தோடு மல்லுக்கட்ட மாட்டான்.

அப்படியானால் கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கும் வகையை எல்லாக் கதவுக்கும் போட்டுவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும்.

2010 பிப்ரவரி 23 அன்று பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸ் என்ற ஆபீஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். பலரைச் சூழ்ந்தது நெருப்பு அல்ல, புகை. மூச்சுமுட்டி ஜன்னல் வழியே குதித்தவர்களும் இறந்தவர்களில் உண்டு. வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன என்று அப்போதே குற்றச்சாட்டு எழுந்தது. இந்த ஊரில் கதவு வேலை செய்கிற யாரும் அந்த நாளை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு தெளிவாகவே சொல்கிறது: வெளியேறும் வழியில் உள்ள கதவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும். சாவிக்குச் சொன்னது கார்டுக்கும் விரலுக்கும் பொருந்தும். இருட்டில், புகையில், யாரும் கார்டைத் தேட மாட்டார்கள்.

அதனால் ஆள் நடமாடும் வழியில் கரண்ட் போனால் திறக்கும் வகைதான் போட வேண்டும், அதோடு மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று, உள்ளே வைக்கும் எக்ஸிட் பட்டன் வழக்கமாகக் கன்ட்ரோலருக்குப் போகும். கன்ட்ரோலர் உறைந்துபோனால் பட்டனும் செத்துவிடும். ஆகவே பக்கத்திலேயே உடைத்து அழுத்தும் பச்சைப் பெட்டி ஒன்று வேண்டும், அது பூட்டுக்குப் போகும் கரண்டை நேரடியாக அறுக்க வேண்டும், கன்ட்ரோலர் வழியாக அல்ல. வேலை முடிந்த அன்று அதை அழுத்திப் பாருங்கள், கன்ட்ரோலரை அணைத்துவிட்டும் அழுத்திப் பாருங்கள். இரண்டாவது, ஃபயர் அலாரம் இருந்தால் அது அடித்த உடனே எல்லா இ.எம். லாக்கும் விட வேண்டும், அதற்கான வயர் இழுத்திருக்க வேண்டும். மூன்றாவது, வெளியே போவதையும் பதிவு செய்ய வேண்டும் என்று உள்பக்கமும் ரீடர் வைத்து எக்ஸிட் பட்டனை எடுத்துவிடுவார்கள் சிலர். பச்சைப் பெட்டி வேலை செய்கிறது என்று உங்கள் கையால் உறுதிசெய்யாமல் அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கும் வகைக்கும் இடம் உண்டு. ஸ்டோர் போல ஒருவர் இருவர் மட்டும் போகும் அறைக்கு எலக்ட்ரிக் ஸ்ட்ரைக் போடலாம்; அது சட்டத்தில் பொருத்துவது, கார்டு காட்டினால் பூட்டின் நாக்கை விட்டுவிடும். வெளியிலிருந்து கார்டு, உள்ளிருந்து சாதாரணக் கைப்பிடி. கைப்பிடியைத் திருப்பினால் எந்த நிலையிலும் கதவு திறக்கும், அதற்குக் கரண்டே தேவையில்லை. சாவித் துளையும் இருக்கும், சிஸ்டம் கெட்டால் வெளியிலிருந்து சாவியால் திறக்கலாம்.

இன்டர்நெட்டை நம்பி ஓடும் சிஸ்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க முடங்கியது. அன்று அங்கே வேலை செய்தவர்கள் பேட்ஜ் (நுழைவுக் கார்டு) வேலை செய்யாமல் தங்கள் கட்டடத்துக்குள்ளேயே போக முடியாமல் நின்றதாகச் செய்திகள் வந்தன. கிளவுட் சிஸ்டம் வாங்கினால், நெட் இல்லாதபோதும் கன்ட்ரோலர் தன் நினைவில் உள்ள பட்டியலை வைத்துக் கதவைத் திறக்குமா, பதிவுகளைச் சேர்த்துவைக்குமா என்று கேளுங்கள். சந்தா கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

யாரும் சொல்லாத இன்னொரு விஷயம் இன்சூரன்ஸ். உங்களிடம் திருட்டுக்கான பர்க்லரி பாலிசி இருக்கும். அதை எடுத்து ஒருமுறை படியுங்கள். பலவந்தமாக உள்ளே நுழைந்தால்தான் கொள்ளை என்று பெரும்பாலான பாலிசிகள் விளக்கம் தருகின்றன. யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸுக்கும் ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற தரப்புக்கும் நடந்த வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் பாலிசியின் வார்த்தைப்படிதான் போக முடியும், பலவந்தம் இல்லாத திருட்டுக்கு இழப்பீடு கிடையாது என்று தீர்ப்பளித்தது. இதைக் கதவோடு சேர்த்துப் பாருங்கள். நகல் கார்டோடு ஒருவர் நிதானமாகக் கதவைத் திறந்து, மெஷினில் உலோகம் வெட்டும் சின்ன முனைகளான இன்சர்ட்களின் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனால் உடைந்த பூட்டும் இல்லை, வளைந்த கம்பியும் இல்லை. கரண்ட் போய்த் திறந்துகிடந்த கதவும் அப்படித்தான். பழைய சாவியோடு வரும் அக்கவுண்டன்டும் அப்படித்தான். ஷட்டரில் பூட்டு இருந்தால் அதை உடைத்தாக வேண்டும், தடயம் இருக்கும். சொந்த ஊழியரே எடுத்தால் அதற்கு ஃபிடலிட்டி கியாரண்டி என்று வேறு பாலிசி இருக்கிறது. உங்கள் ஏஜெண்டிடம் இந்த இரண்டையும் நேராகக் கேட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் நான்கு கதவுக்கு வருகிறேன்.

மெஷின் ஷாப்பின் முன்கதவுக்கு எலக்ட்ரானிக் பூட்டே வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது இருபது பேர் உள்ளே, இருபது பேர் வெளியே. ஒருவர் கார்டு காட்டினால் பத்துப் பேர் பின்னாலேயே வருவார்கள், பதிவில் ஒரு பெயர்தான் இருக்கும். சரக்கு வண்டி வந்தால் கதவு மணிக்கணக்கில் திறந்திருக்கும். அங்கே வருகைப் பதிவு மெஷின் ஒன்று, ஒரு கேமரா, பகலில் ஒரு ஆள். இரவுக்கு இருக்கிற ஷட்டர், இரண்டு பக்கமும் நல்ல பூட்டு. அந்தப் பூட்டுகளின் சாவி மொத்தம் இரண்டு செட்தான் இருக்க வேண்டும், ஒரு செட் உங்கள் வீட்டில்.

ஸ்டோருக்குத்தான் செலவு செய்யுங்கள். கார்பைட் இன்சர்ட் பெட்டி சட்டைப் பைக்குள் அடங்கும், ஒரு பெட்டியே ஆயிரக்கணக்கில் விலை. யார் எடுத்தார் என்று தெரியாமல் மாதாமாதம் டூல் செலவு ஏறுவது உங்கள் யூனிட்டிலும் நடந்துகொண்டிருக்கும். இங்கே டெஸ்ஃபயர் ரீடர், உள்ளே கன்ட்ரோலர், எலக்ட்ரிக் ஸ்ட்ரைக், நல்ல டோர் குளோசர். அனுமதி ஸ்டோர் கீப்பருக்கும் இரண்டு ஷிப்ட் சூப்பர்வைசர்களுக்கும் மட்டும், அவரவர் ஷிப்ட் நேரத்துக்கு மட்டும். கதவு அரை நிமிடத்துக்கு மேல் திறந்திருந்தால் பஸ்ஸர் அடிக்க வேண்டும், அதற்குக் கதவில் ஒரு சின்ன மேக்னெட்டிக் கான்டாக்ட் போதும். கொடேஷனில் அதை முதலில் வெட்டுவார்கள், விடாதீர்கள். அது இல்லையென்றால் கதவு மூடியிருக்கிறதா என்பதே சிஸ்டத்துக்குத் தெரியாது.

மாடி ஆபீஸுக்கு இ.எம். லாக், ரீடர், எக்ஸிட் பட்டன், பச்சைப் பெட்டி, பேட்டரி. கஸ்டமர் டிராயிங்குகள் அங்கேதான் இருக்கும், ஏரோஸ்பேஸ் அல்லது டிஃபென்ஸ் வேலை எடுத்தால் யார் யார் உள்ளே போனார்கள் என்ற பதிவை ஆடிட்டில் கேட்பார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது அதே கதவை, இன்று சிலிண்டர் மாற்றிய சாவிப் பூட்டாலும் பூட்ட வேண்டும். வென்டார் அந்தப் பூட்டைக் கழற்றச் சொன்னால் விடாதீர்கள். ஆனால் உள்ளே ஆள் இருக்கும்போது அதைப் பூட்டும் பழக்கம் வரவே கூடாது.

நான்காவது பின்கதவு. வெளியிலிருந்து அதற்குக் கைப்பிடியே வேண்டாம். உள்ளே தள்ளினால் திறக்கும் பேனிக் பார், திறந்தால் கத்தும் ஒரு பஸ்ஸர். கார்டு வேண்டாம், கரண்டும் வேண்டாம். அதன் முன்னால் ஸ்கிராப் டப்பாவை வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம்.

ஆக, கொடேஷனில் நான்கு கதவு இரண்டாகிவிட்டது. தனி கன்ட்ரோலரோடு ஒரு கதவுக்கு முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம் ரூபாய் வரை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ரீடரையும் கதவின் நிலையையும் பொறுத்து மாறும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கினால் குறையும், ஆனால் பொருத்துகிறவர் பொறுப்பேற்க மாட்டார், அதனால் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். ஆண்டுப் பராமரிப்பு பத்து சதவீதம் போலக் கேட்பார்கள். அந்த ஒப்பந்தத்தில் பேட்டரி மாற்றுவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை முடிந்து பணத்தின் கடைசிப் பங்கைக் கொடுப்பதற்கு முன் சிலவற்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். மென்பொருளின் அட்மின் பாஸ்வேர்டு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய பாஸ்வேர்டு ஒன்றுகூட மாறாமல் இருக்கக் கூடாது. வென்டார் சோதனைக்காகச் சேர்த்த அவருடைய கார்டு பட்டியலில் இருக்கும், அதை உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். டெஸ்ஃபயர் சாவி எண்களை எழுதி உறையில் போட்டு வாங்குங்கள், இல்லையென்றால் அடுத்த முறை கார்டு வாங்கவும் அவரிடமே போக வேண்டியிருக்கும். எந்த வயர் எங்கே போகிறது என்ற வரைபடத்தைக் கன்ட்ரோலர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். பிறகு அவர் நிற்கும்போதே மெயினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். திரும்பி வரும்போது ஆபீஸ் கதவு பேட்டரியில் பிடித்திருக்க வேண்டும், பச்சைப் பெட்டியை அழுத்தினால் விட வேண்டும், ஸ்டோர் கதவு உள்ளிருந்து கைப்பிடியால் திறக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் செக்கில் கையெழுத்துப் போடலாம்.